ஐபி64, ஐபி68, ஐபி69: எந்த எண்ணுக்குக் காசு கொடுக்கலாம்?

என் அத்தான் தூத்துக்குடியில் உப்பளத்தில் மேற்பார்வை பார்க்கிறவர். போன மாதம் ஒரு கடையில் நின்றுகொண்டே எனக்குக் கூப்பிட்டார். "மாப்ளே, மூணு ஃபோன் எடுத்து வச்சிருக்காங்க. ஒண்ணுல ஐபி64னு போட்டிருக்கு. இன்னொண்ணு 68. மூணாவது 69. ஒவ்வொண்ணுக்கும் மூவாயிரம், நாலாயிரம் வித்தியாசம் வருது. 69தானே பெரிசு, அதையே எடுத்துரட்டா?"

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களை மூழ்கடித்த மழையில் (காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர்) அவருடைய ஃபோன் சட்டைப்பையிலேயே செத்துப்போனது. இரண்டு நாள் வீட்டுக்குத் தகவல் சொல்ல வழியில்லை. அக்கா அந்த இரண்டு நாளை இன்னும் மறக்கவில்லை. அதனால் இந்த முறை தண்ணீருக்குத் தாங்குகிற ஃபோன்தான் என்று இருவருமே முடிவாக இருந்தார்கள்.

"இப்ப எதுவும் எடுக்காதீங்க அத்தான், ராத்திரி பேசறேன்" என்று சொல்லி வைத்தேன். ராத்திரி பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஃபோன் வாங்கப் போகிற யாருக்கும் இந்தக் குழப்பம் இருக்கும். கடையில் இதைப் பொறுமையாக விளக்குகிறவர்களும் குறைவு.

அறுபத்தெட்டு இல்லை, ஆறும் எட்டும்

முதலில் ஒன்றைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஐபி என்பது தூசியும் தண்ணீரும் உள்ளே புகாமல் ஒரு பொருள் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் குறி. ஐபி68 என்பதை அறுபத்தெட்டு என்று படிக்கக் கூடாது. அது ஆறு, எட்டு என்று இரண்டு தனி எண்கள். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. இந்த முறையை வகுத்திருப்பது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐஇசி 60529 என்ற தரநிலை. ஃபோனுக்கென்று எழுதியது இல்லை. மோட்டார், சுவிட்ச் பெட்டி, தெருவிளக்கு, கண்காணிப்புக் கேமரா எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

சில பொருள்களில் ஐபிஎக்ஸ்4 என்று இருக்கும். அந்த எக்ஸ் பூஜ்யம் இல்லை. தூசிக்கு எந்தத் தரத்தையும் அவர்கள் சொல்லவில்லை என்று மட்டும்தான் பொருள். தூசியை நன்றாகத் தாங்கலாம், தாங்காமலும் போகலாம். வாங்குகிறவர் அதைத் தாங்காது என்றே எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

தூசி எண் 0 முதல் 6 வரை. ஃபோனைப் பொறுத்தவரை நமக்கு 4, 5, 6 தெரிந்தால் போதும். 4 என்றால் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பி உள்ளே போகாது. அதைவிடச் சின்னது எதற்கும் உத்தரவாதம் இல்லை. 5 என்றால் கொஞ்சம் தூசி உள்ளே போகலாம், ஆனால் வேலையைக் கெடுக்கும் அளவுக்குப் போகாது. 6 என்றால் தூசியே போகக் கூடாது.

இந்த 6ஐ எப்படிச் சோதிக்கிறார்கள் என்று தெரிந்தால் அதன் மதிப்பு புரியும். ஒரு மூடிய பெட்டி. அதற்குள் டால்கம் பவுடர், 75 மைக்ரான் கண்ணுள்ள சல்லடையில் சலித்தது. கோலமாவைவிடப் பல மடங்கு நைசு. அதை விசிறியால் கிளப்பிப் புகை மாதிரி சுழல விடுகிறார்கள். நடுவில் ஃபோன். ஃபோனின் உள்ளே இருக்கும் காற்றையும் லேசாக உறிஞ்சுகிறார்கள், வெளியே உள்ள பவுடர் உள்ளே இழுபடட்டும் என்று. இரண்டு மணி நேரத்திலிருந்து எட்டு மணி நேரம் வரை இப்படி. பிறகு திறந்து பார்த்தால் உள்ளே பவுடர் இருக்கக் கூடாது.

மாவு மில், மர அறுவை, சிமென்ட் வேலை, பஞ்சாலை என்று தூசியிலேயே நாள் போகிறவர்களுக்கு இரண்டாவது எண்ணைவிட இந்த முதல் எண்தான் முக்கியம். விளம்பரம் எப்போதும் தண்ணீரைத்தான் காட்டும். தூசியில் கெட்டுப்போன ஸ்பீக்கரும் மைக்கும் யார் கண்ணிலும் படுவதில்லை.

மடக்கு ஃபோன்களில் இதை நன்றாகப் பார்க்கலாம். சாம்சங்கின் 2024 கேலக்ஸி இசட் ஃபோல்டு 6க்கு ஐபி48. தண்ணீருக்கு 8, தூசிக்கு 4. கடற்கரை மணலில் பெரும்பகுதி ஒரு மில்லிமீட்டரைவிடப் பொடியானது. அதாவது ஒன்றரை மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று சொல்லும் ஃபோன், கடற்கரை மணலுக்கு எந்த வாக்கும் தரவில்லை. மெரினாவில் உட்கார்ந்து அதை விரித்துப் படம் பார்ப்பதைத் தவிர்ப்பேன். 2025இல் கூகுளின் பிக்சல் 10 ப்ரோ ஃபோல்டு ஐபி68உடன் வந்தது, அதாவது மடக்கு ஃபோனிலும் தூசிக்கு 6. கீல் வைத்த ஃபோனில் இதைக் கொண்டுவருவது உண்மையிலேயே கடினமான வேலை.

தண்ணீர் எண் ஏணி இல்லை

அத்தான் குழம்பியது இங்கேதான். நானும் வெகு நாள் இப்படித்தான் நினைத்திருந்தேன். 4ஐவிட 5 மேல், 5ஐவிட 6 மேல், அப்படியே 7, 8, 9 என்று படிப்படியாக ஏறும் என்று. 6 வரை அது உண்மை. 6 வாங்கிய பொருள் 5, 4, 3 எல்லாவற்றையும் தாங்கியதாகக் கணக்கு. 7இல் கணக்கு மாறிவிடுகிறது.

1 முதல் 6 வரை எல்லாமே மேலே விழுகிற, தெறிக்கிற, பீய்ச்சுகிற தண்ணீர். 4 என்றால் எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் தண்ணீர். 5 என்றால் 6.3 மில்லிமீட்டர் வாயுள்ள குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் பீய்ச்சுகிறார்கள். 6 என்றால் 12.5 மில்லிமீட்டர் குழாய், நிமிடத்துக்கு 100 லிட்டர். இரண்டுமே இரண்டரை, மூன்று மீட்டர் தூரத்திலிருந்து, குறைந்தது மூன்று நிமிடம்.

7உம் 8உம் முழுக்குவது. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 8 என்றால் 7ஐவிடக் கடினமான நிபந்தனை, ஆனால் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே சொல்ல வேண்டும். இதனால்தான் ஐபி68 என்று ஒரே பெயரில் வேறு வேறு வாக்குகள் உலவுகின்றன. ஐஃபோன் 12இலிருந்து ஆப்பிள் சொல்வது 6 மீட்டர், 30 நிமிடம். சாம்சங் தன் எஸ் வரிசைக்குச் சொல்வது 1.5 மீட்டர், 30 நிமிடம். இரண்டுக்கும் பெட்டியில் அதே ஐபி68.

9 என்பது இன்னொரு உலகம். 80 டிகிரி வெந்நீர், 80 முதல் 100 பார் (சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல ஏறத்தாழ அத்தனை மடங்கு) அழுத்தம், மிக நெருக்கத்திலிருந்து, நான்கு கோணங்களில் முப்பது முப்பது விநாடி. லாரிகள், உணவுத் தொழிற்சாலை இயந்திரங்கள் போல அழுத்தமான வெந்நீர் பீய்ச்சிக் கழுவுகிற பொருள்களுக்காக ஜெர்மனியில் உருவான சோதனை இது. 2013இல்தான் ஐஇசி தரநிலைக்குள் வந்தது. நம்மூர் வாட்டர் சர்வீஸ் கடையில் பைக்கைக் கழுவும் துப்பாக்கியும் அழுத்தமாகப் பீய்ச்சும், ஆனால் தண்ணீர் பச்சைத் தண்ணீர்.

சரி, 8 வாங்கிய ஃபோன் 6ஐயும் தாங்குமா? தாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தண்ணீருக்குள் அசையாமல் கிடக்கும்போது எல்லாப் பக்கமும் ஒரே சீராக அழுத்தம் விழும். குழாயிலிருந்து பீய்ச்சும்போது ஒரே புள்ளியில் அடி விழும். ஸ்பீக்கர் துளைக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய சவ்வோ, சிம் ட்ரேயின் ஓரமோ அந்த அடிக்கு விலகிக் கொடுக்கலாம். அதனால்தான் இரண்டையும் சோதித்த நிறுவனங்கள் ஐபி66/ஐபி68 என்று இரண்டையும் சேர்த்துப் போடுகிறார்கள். சோனி எக்ஸ்பீரியா வரிசையில் ஐபி65/68 என்று வெகு காலமாகப் பார்க்கலாம். இந்தியாவில் 2024இல் ஒப்போ எஃப்27 ப்ரோ ப்ளஸ் ஐபி66, 68, 69 மூன்றையும் சொல்லி வந்தது. இப்போது நடுத்தர விலையிலேயே இந்த மாதிரி நிறைய இருக்கின்றன.

ஆகவே கடையில் பார்க்க வேண்டியது பெரிய எண்ணை இல்லை. உங்கள் ஃபோன் மேல் எந்த மாதிரித் தண்ணீர் படப்போகிறது என்பதை. மழையில் வண்டி ஓட்டுகிறவருக்குத் தெறிப்பும் பீய்ச்சலும். கிணற்றடியில், தோட்டத்தில் வேலை செய்கிறவருக்குத் தவறி விழுந்து முழுகுவது. வெந்நீர் பீய்ச்சலைச் சந்திக்கிறவர்கள் மிகக் குறைவு.

சோதனை ஒரே நாள், ஃபோன் மூன்று வருடம்

எல்லாச் சோதனையும் புத்தம் புதுப் பொருளில், ஆய்வகத்தில், நல்ல தண்ணீரில் நடப்பவை. இந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு ஃபோன் செலவானது.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு ஐபி67 ஃபோன் வைத்திருந்தேன். கீழே விழுந்து டிஸ்ப்ளே உடைந்தது. பக்கத்தில் ஒரு கடையில் கொடுத்து மாற்றினேன். அவர் ஃபோனைச் சூடான தட்டில் சில நிமிடம் வைத்து, ஓரத்தில் மெல்லிய பிளாஸ்டிக் வில்லையைச் செருகி, உறிஞ்சு கப்பால் இழுத்துத் திறந்தார். அப்போதுதான் பார்த்தேன். சட்டத்தைச் சுற்றிலும் கறுப்பாக, சேமியா தடிமன்கூட இல்லாத ஒரு பசை நாடா. பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் பிய்ந்து தொங்கியது. தண்ணீரைத் தடுப்பது அவ்வளவுதான். அதோடு சிம் ட்ரேயைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம், ஸ்பீக்கர், மைக் துளைகளில் காற்று போகும் ஆனால் தண்ணீர் போகாத சவ்வுகள். அவர் பழைய நாடாவைச் சுரண்டி எடுத்துவிட்டு ட்யூப் பசையை ஓரத்தில் ஓட்டி, ரப்பர் பேண்டு போட்டு அரை மணி நேரம் வைத்துக் கொடுத்தார். ஃபோன் நன்றாகவே வேலை செய்தது.

அடுத்த ஐப்பசி மழையில் வண்டி ஹேண்டில்பாரில் மாட்டி வழி பார்த்துக்கொண்டு போனேன். ஐபி67 என்ற தைரியம். வீட்டுக்கு வந்து பார்த்தால் கேமராக் கண்ணாடிக்கு உள்ளே பனி மூடியிருந்தது. மறுநாள் காலையில் ஆன் ஆகவில்லை. சர்வீஸ் சென்டரில் இருந்த பையன் சிம் ட்ரேயை வெளியே எடுத்து, உள்ளே டார்ச் அடித்து எனக்கே காட்டினான். வெள்ளையாக இருக்க வேண்டிய சின்ன ஸ்டிக்கர் சிவந்திருந்தது. "தண்ணி போயிருக்கு சார். வாரண்டி இருந்தாலும் இதுக்கு வராது."

அவன் சொன்னது அந்த ஒரு நிறுவனத்தின் பழக்கம் இல்லை. பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் சாதாரண வாரண்டியில் தண்ணீர்ச் சேதத்தை எடுத்துக்கொள்வதில்லை. இது தொடர்பாக 2020 நவம்பரில் இத்தாலியின் போட்டிக் கட்டுப்பாட்டு ஆணையம் ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோ அபராதம் விதித்தது. இத்தனை மீட்டர் தாங்கும் என்று விளம்பரம் செய்தார்கள், அது ஆய்வகத்தில் அசையாத தூய நீரில் மட்டும்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை, தண்ணீர்ச் சேதத்துக்கு வாரண்டியும் மறுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு.

வாரண்டி இல்லாமல் இந்த எண்ணுக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். மதிப்பு இருக்கிறது. உள்ளே உண்மையிலேயே அந்த நாடாவும் வளையமும் சவ்வும் வைத்திருக்கிறார்கள். எண் இல்லாத ஃபோனைவிட இது தண்ணீரிலிருந்து பிழைத்துவரும் வாய்ப்பு நிச்சயம் அதிகம். ஆனால் அந்தப் பாதுகாப்பு நாளாக ஆகக் குறையும். வெயிலில் காய்ந்த ரப்பர் மாதிரி பசை இறுகும். ஒரு தடவை பலமாக விழுந்து சட்டம் மயிரிழை வளைந்தாலும் போதும். பின்கண்ணாடியில் கீறல் விட்டிருந்தால் அன்றோடு அந்த எண்ணை மறந்துவிட வேண்டும். பழைய ஃபோன் வாங்குகிறவர்கள் பெட்டியில் எந்த எண் இருந்தாலும் அதைப் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரிப்பேருக்குக் கொடுத்தால், "ஒரிஜினல் கேஸ்கெட் போடுவீங்களா?" என்று முதலிலேயே கேளுங்கள். கேஸ்கெட் என்றால் நான் சொன்ன அந்தத் தண்ணீர்த் தடுப்பு நாடாவும் வளையமும்தான். அதற்குக் கூடுதலாகச் சில நூறு கேட்டாலும் கொடுக்கலாம்.

கடலும் உப்பும்

அத்தானுக்கு நான் அதிக நேரம் பேசியது இதைப் பற்றித்தான். ஐபி சோதனை எதிலும் உப்புத்தண்ணீர் இல்லை. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு. அவர் நிற்கிற பாத்தியில் உப்பு படியத் தொடங்கும் நேரத்தில் அதைப்போலப் பல மடங்கு இருக்கும். அந்தத் தண்ணீர் கையில் பட்டுக் காய்ந்தாலே வெள்ளையாகப் பூத்து நிற்கும். ஃபோனில் பட்டால் சார்ஜிங் துளைக்குள் அதேதான் நடக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சார்ஜிங் துளை ஃபோனின் தண்ணீர்த் தடுப்புக்கு வெளியே இருக்கிறது. துளைக்குப் பின்புறம்தான் அடைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் சின்னச் சின்னப் பித்தளை நிற முனைகள் எப்போதும் வெளி உலகத்தைப் பார்த்தபடிதான். 68 ஆனாலும் 69 ஆனாலும் அந்த முனைகளில் தண்ணீர் படத்தான் செய்யும். நல்ல தண்ணீர் என்றால் காய்ந்துபோகும். உப்புத்தண்ணீர் காய்ந்தால் உப்பு தங்கும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து மறுபடி நீர்க்கும். அந்த நேரத்தில் சார்ஜர் சொருகினால் மின்சாரம் பாய்ந்து முனைகள் பச்சை பிடித்து அரித்துவிடும்.

ஆஸ்திரேலியாவில் சாம்சங் மாட்டியது இதில்தான். கேலக்ஸி ஃபோன்களை நீச்சல் குளத்திலும் கடலிலும் பயன்படுத்துவது போல 2016 முதல் 2018 வரை விளம்பரம் செய்தார்கள். அப்படி நனைந்த ஃபோனை ஈரம் காயுமுன் சார்ஜ் போட்டால் துளை அரிக்கும் அபாயம் இருந்தது. 2022 ஜூனில் அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. சம்பந்தப்பட்டவை ஏழு மாடல்கள்.

அப்படியென்றால் கடற்கரைக்காரர்களுக்கு இந்த எண்கள் வீணா? இல்லை. நான் அத்தானுக்குச் சொன்ன முக்கியமான விஷயம் இது: உப்புத்தண்ணீரில் முக்குவதற்காக 68 வாங்க வேண்டாம், உப்பைக் கழுவிவிடுவதற்காக 68 வாங்குங்கள். ஃபோன்மேல் உப்புத்தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரில் அலசிக் காய வைக்கச் சொல்லி நிறுவனங்களே சொல்கின்றன. ஐபி64 ஃபோனில் அந்தத் தைரியம் எனக்கு வராது. ஐபி68 ஃபோனை ஒரு குவளைத் தண்ணீரில் மெதுவாக அலசலாம். அந்த மூவாயிரம் ரூபாய் வித்தியாசத்துக்கு ஒரு உப்பளத்துக்காரருக்குக் கிடைப்பது இந்த வசதிதான், அது நியாயமான விலை.

அலசும்போது சோப்பு கூடாது. ஸ்பீக்கர் துளையில் இருக்கும் சவ்வு, தண்ணீர் தன் இழுவிசையால் துளித்துளியாக உருண்டு நிற்பதை நம்பித்தான் வேலை செய்கிறது. சோப்பு அந்த விசையைக் குறைத்துவிடும், தண்ணீர் நழுவி உள்ளே போகும். ஷாம்பூ, பாத்திரம் கழுவும் திரவம் எல்லாம் இதே கதை. வெந்நீர்க் குளியலறையின் ஆவியும் ஆகாது. சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும்போது தண்ணீர்த் தடுப்பு தளரும்.

அலசியபின் துளை கீழே பார்க்க உள்ளங்கையில் தட்டி, காற்றோட்டமான இடத்தில் வைத்தால் போதும். அரிசி டப்பாவுக்குள் புதைக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். அரிசியின் பொடி துளைக்குள் போய்ச் சேதம் செய்யும் என்று ஆப்பிளின் உதவிக் குறிப்பே சொல்கிறது. ஹேர் டிரையரும் வேண்டாம்.

உறையை மறக்க வேண்டாம்

கடையில் யாரும் சொல்லாத ஒரு வழியும் உண்டு. சாதாரண ஃபோனும், கழுத்தில் மாட்டும் நூறு, இருநூறு ரூபாய் வாட்டர்ப்ரூஃப் பவுச்சும். படகில் போகிற மீனவர்கள் வெகு காலமாகச் செய்வது இதுதான். கடல்நீரில் முழுசாக விழக்கூடிய வேலைக்கு எந்த எண்ணையும்விட இந்த உறைமேல் எனக்கு நம்பிக்கை அதிகம். உப்பு ஃபோனைத் தொடுவதே இல்லையே. வாங்கியதும் ஃபோனை வைக்காமல் உள்ளே ஒரு டிஷ்யூ காகிதத்தை வைத்து மூடி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கிப் பாருங்கள். காகிதம் காய்ந்தே இருந்தால் நல்லது. மடிப்பில் விரிசல் கண்டால் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

குறைகளும் இருக்கின்றன. ஈரக் கையால் தொட்டால் திரை சரியாகக் கேட்காது. வெயிலில் ஃபோன் சூடேறும். பேசும்போது குரல் மங்கும். நாள் முழுக்கப் பேச்சும் கணக்குமாக இருக்கும் அத்தானுக்கு இது மட்டும் போதாது. அடைமழை நாளில் மட்டும் எடுத்து மாட்டிக்கொள்ளலாம்.

இயர்பட்ஸ், வாட்ச், ஸ்பீக்கர்

அக்கா மகள் இடையில் ஃபோனை வாங்கித் தன் இயர்பட்ஸ் பற்றிக் கேட்டாள். அவளுடையது ஐபிஎக்ஸ்4. ஓட்டத்துக்கும் தூறலுக்கும் அது போதும். ஆனால் வியர்வையும் உப்புத்தண்ணீர்தான், எனவே ஓடி முடித்ததும் துடைத்துக் காயவைத்த பிறகே டப்பாவில் போட வேண்டும். பெரும்பாலும் அந்த எண் காதில் மாட்டும் துண்டுக்கு மட்டும்தான். சார்ஜ் ஆகும் டப்பாவுக்குத் தனியாக எழுதியிருந்தால் மட்டுமே உண்டு. ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடுவதில்தான் பல இயர்பட்ஸ் போகின்றன.

ஸ்மார்ட் வாட்ச் என்றால் ஐபி எண்ணைவிட 5 ஏடிஎம் அல்லது 50 மீட்டர் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது கைக்கடிகாரங்களுக்கான வேறு தரநிலை, ஐஎஸ்ஓ 22810. நீச்சலுக்கு அதுதான் கணக்கு. 50 மீட்டர் என்பதை ஐம்பது மீட்டர் ஆழம்வரை முங்கலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த ஆழத்தின் அசையா அழுத்தத்துக்குச் சமமான சோதனை அது. குளத்தில் நீந்தலாம், ஆழ்கடலில் முங்கக் கூடாது. வெறும் ஐபி68 மட்டும் போட்ட மலிவு வாட்சை நீச்சலுக்குக் கட்டிப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புளூடூத் ஸ்பீக்கரில் ஐபிஎக்ஸ்7க்கும் ஐபி67க்கும் உள்ள வித்தியாசம் கடற்கரையில் தெரியும். ஜேபிஎல் ஃபிளிப் 5 முதல் வகை, ஃபிளிப் 6 இரண்டாம் வகை. வீட்டுக் குளியலறைக்கு எதுவும் சரி. மணலில் வைத்துக் கேட்பதானால் தூசிக்கு 6 எழுதியதே வேண்டும்.

கடைசியில் எது

இப்போது அந்த மூன்று ஃபோன்களுக்கு வருகிறேன்.

ஐபி64: அலுவலகம், வீடு, எப்போதாவது மழை, ஃபோன் பையில்தான் இருக்கும் என்பவர்களுக்கு இது போதும். தூசிக்கு 6 இருக்கிறது என்பதே இதன் பலம். மிச்சமாகும் பணத்தில் நல்ல பேட்டரியோ கூடுதல் ஸ்டோரேஜோ கிடைக்கும். எண்ணே இல்லாத ஃபோனில்கூடச் சில நேரம் ரப்பர் வளையம் வைத்திருப்பார்கள். 2019இல் ஒன்ப்ளஸ் 7 ப்ரோ வந்தபோது, சான்றிதழுக்கு ஆகும் செலவை மிச்சம் பிடித்தோம் என்று சொல்லி வாளியில் போட்டுக் காட்டினார்கள். ஆனால் வாங்குகிறவர் நம்பக்கூடியது எழுதிக் கொடுத்ததை மட்டும்தான்.

ஐபி68: தண்ணீர்ப் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள், குழந்தைகள் கையில் ஃபோன் போகும் வீடுகள், மழையில் வண்டியில் திரிகிறவர்கள். இதில் கூடவே 66உம் எழுதியிருந்தால் அதைத்தான் எடுப்பேன். ஆழமும் நேரமும் எவ்வளவு என்று நிறுவனத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐபி69: இதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதே விலையில் கிடைத்தால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் அதோடு 66, 68 இரண்டும் வருகின்றன, அவைதான் உண்மையில் பயன்படும். வாட்டர் சர்வீஸ் கடை நடத்துகிறவர், பால் பண்ணையில் கழுவுகிறவர் என்றால் அது வேறு கதை.

இன்னொரு செலவையும் கணக்கில் சேர்க்கலாம். தண்ணீர்ச் சேதத்தையும் எடுத்துக்கொள்ளும் விபத்துப் பாதுகாப்புத் திட்டத்தைச் சில நிறுவனங்கள் தனியாக விற்கின்றன. 68க்கும் 69க்கும் இடையில் உள்ள வித்தியாசத்தை அதில் போடுவது புத்திசாலித்தனம். அதிலும் நிபந்தனைகளை வரி வரியாகப் படித்தபிறகே.

மறுநாள் அத்தான் மறுபடியும் கடைக்குப் போனார். 68 ஃபோனின் பெட்டியைத் திருப்பி, பின்னால் இருந்த பொடி எழுத்தைக் கடைப் பையனை விட்டு வாசிக்கச் சொல்லியிருக்கிறார். 66உம் இருந்தது. ஒன்றரை மீட்டர், 30 நிமிடம் என்று இருந்தது. அதையே எடுத்துக்கொண்டு, கூடவே இரண்டு பவுச்சும் வாங்கி வந்தார். ஒன்று அவருக்கு, இன்னொன்று அக்காவுக்கு.

போன வாரம் அங்கே போயிருந்தேன். அளத்திலிருந்து அவர் வந்ததும் வராததுமாக அக்கா கையை நீட்டி ஃபோனை வாங்கிப் பார்த்தாள். ஓரத்தில் உப்பு பூத்திருந்தது. சிம் ட்ரேயை விரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, குடிதண்ணீரை ஒரு குவளையில் எடுத்து மெதுவாக அலசி, துளை கீழே பார்க்க ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்தாள். அத்தான் சார்ஜரோடு வந்து நின்றார். "காலையில போட்டுக்கலாம், போங்க" என்றாள்.